கூடம் கோணலா என்று அளந்து பார்த்தவள்

கல்லூரியில் அந்தத் துறையின் முழுப்பெயரை யாரும் சொன்னதில்லை. வாசலில் என்னவோ 'உள்ளரங்கக் கட்டடக்கலை மற்றும் வடிவமைப்பு வரலாறு' என்று பலகை தொங்கியது. ஆனால் இயற்பியல்காரர்களும் கணக்குக்காரர்களும் அதைத் 'திரைச்சீலை டிபார்ட்மெண்ட்' என்றுதான் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் இதைக் கேட்டுக் குமைவார்கள். டேப் மேடம் மட்டும் சிரிப்பாள். கிண்டல் செய்தவர்களுக்குத் தெரியாத சங்கதி, அவள் நிஜமாகவே திரைச்சீலையிலிருந்து வந்தவள்.

பத்தொன்பது வயதில் ஒரு திரைச்சீலைக் கடையில் அளவெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். துணி வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய், சன்னலின் அகலம், உயரம், கம்பி எங்கே வரும், துணி தரையைத் தொடலாமா கூடாதா என்று குறித்து வரவேண்டும். ஆறு வருஷத்தில் எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. சன்னலை அளக்கப் போனவளின் கண் சன்னலோடு நிற்கவில்லை. ஒரு வீட்டில் நாற்காலி எல்லாம் ஏன் கதவுக்கு முதுகு காட்டுகிறது, இன்னொரு வீட்டில் ஏன் யாரும் பெரிய அறையில் உட்காராமல் நடைவழியில் உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அளவு நோட்டின் முன்பக்கம் கடைக்கு. பின்பக்கம் அவளுக்கு. பின்பக்கத்தில் அறை அறையாகப் படம் போட்டு வைத்தாள். கடை முதலாளி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "திருடப் போற வீட்டுக்குத்தான் இப்படி வரைபடம் போடுவாங்க" என்றார்.

அந்தப் பின்பக்கங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவளுக்கு, பகுதிநேரமாக உள்ளரங்க வடிவமைப்பு படிக்கலாம் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. படித்தாள். பட்டம் வாங்கினாள். அதற்குமேல் வடிவமைப்பு வரலாறு என்று ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும், பசித்தவன் பந்தியைக் கண்டது மாதிரி அதிலும் போய் உட்கார்ந்தாள். முப்பத்தோரு வயதில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கைப்பையில் அப்போதும் கடையிலிருந்து கொண்டுவந்த அளவு டேப் இருந்தது. வந்த முதல் வாரமே 'டேப் மேடம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

கல்யாணக் கதையும் அளவுச் சங்கதிதான். ஒரு கட்டடத்தில் திரைச்சீலைச் சுருளோடு லிஃப்டில் போனவள், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். மெக்கானிக் வந்து கதவைத் திறக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. பயந்து அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஆறு பேர்னு எழுதியிருக்கீங்க. நான் அளந்து பார்த்துட்டேன், நாலு பேருக்குமேல நிக்க முடியாது" என்பது. "நானும் பத்து வருஷமா அதைத்தான் சொல்றேன், எவன் கேக்குறான்" என்றார் மெக்கானிக். இரண்டு பேரும் ஒரே கட்சி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வகுப்பில் அவள் நின்ற இடத்தில் நிற்கமாட்டாள். முதல் நாள் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. உங்க வீட்டுக் குளியலறை சுவிட்ச் கதவுக்கு உள்ள இருக்கா, வெளிய இருக்கா? எந்தக் கை பக்கம்?"

பாதி வகுப்பு தவறாகச் சொல்லும். ஒருவன் காற்றில் கையை நீட்டித் துழாவுவான். ஒருத்தி, "மேடம், என் கைக்குத் தெரியுது, வாய்க்குத் தெரியல" என்பாள்.

"அதான்! அதான் வேணும்!" என்று மேஜையைத் தட்டுவாள். "உங்க கைக்குத் தெரிஞ்சதை யாரோ ஒருத்தர் முடிவு பண்ணியிருக்காங்க. அது யாரு, எப்போ, ஏன்? அதைத் தேடறதுதான் நம்ம வேலை."

அப்படி ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் வீட்டுச் சமையலறையை அளந்து பார்க்க நாற்பத்தோரு வயது ஆயிற்று.

வீடு, குடியிருப்பு வாரியம் அறுபது வருஷத்துக்கு முன் கட்டிய அடுக்குமாடியில் இருந்தது. மாமியாரின் பெயருக்கு ஒதுக்கப்பட்ட வீடு. மாமியார் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று நல்ல உயரம். மருமகளோ அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஒரே சமையல் மேடை. மாமியார் நின்றால் கை தானாக வேலை செய்யும். மருமகள் நின்றால் தோள் இரண்டும் காதைத் தொடும். காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை போட்டுக்கொண்டாள். அதில் மாமியார் வாரத்துக்கு ஒருமுறை தடுக்குவார்.

"இந்தப் பலகையை எடுத்துத் தொலைக்கக் கூடாதா?"

"எடுத்தா எனக்கு எட்டாது அத்தை. மேடை உசரம்."

"மேடை சரியாத்தான் இருக்கு. நீதான் குட்டை."

இது பல வருஷப் பேச்சு. சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. ஒருநாள் காலையில் காய் நறுக்கும்போது தோள் சுளுக்கிக்கொண்டது. கத்தியை வைத்தவள், கோபத்தில் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து மேடையை அளந்தாள். தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கேயும் தொண்ணூற்றிரண்டு. கீழ்மாடி, அதற்கும் கீழ்மாடி, அடுத்த கட்டடம். எல்லாம் தொண்ணூற்றிரண்டு. எல்லா வீட்டிலும் மேடைக்கு முன்னால் ஏறி நிற்க ஏதோ ஒன்று கிடந்தது. ஒரு வீட்டில் செங்கல். ஒரு வீட்டில் பழைய டெலிபோன் டைரக்டரிகள் நான்கைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து பரணிலிருந்து திரைச்சீலைக் கடை நோட்டுகளை இறக்கினாள். பின்பக்கப் படங்களில், வாரிய வீடுகளின் சமையலறைகளில், அவளே கிறுக்கிய சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. பக்கத்தில் 'பலகை', 'பலகை', 'பெட்டி', 'பலகை' என்று எழுத்து. இருபது வருஷத்துக்கு முன்பே கண் பார்த்திருக்கிறது. மூளைதான் பார்க்கவில்லை.

முனைவர் பட்டத்துக்கு இதைத்தான் ஆராயப் போகிறேன் என்று துறையில் எழுதிக் கொடுத்தாள். பரிசீலனைக் கூட்டத்துக்குத் துறைத்தலைவரும், வெளியிலிருந்து ஒரு பேராசிரியரும் வந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர் அரண்மனை நிபுணர். தூண், விதானம், சிம்மாசனம் பற்றி எட்டுப் புத்தகம் எழுதியவர்.

"அடுப்படியா?" என்றார் அரண்மனைக்காரர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"சமையல் மேடை சார். அதோட உயரம்."

"வரலாறுன்னா அதுல ஏதாவது நடந்திருக்கணும் இல்லையா?"

"பதினோராயிரம் வீடு சார். அறுபது வருஷம். தினம் ரெண்டு மூணு வேளை. இதைவிட அதிகமா எந்த அரண்மனையில என்ன நடந்தது?"

துறைத்தலைவர் இருமினார். அவர் காற்றடிக்கும் பக்கம் சாயும் மனிதர். காற்று எந்தப் பக்கம் என்று இன்னும் புரியவில்லை அவருக்கு. அரண்மனைக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஒரு பழமொழி உண்டும்மா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்."

அறையில் சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"அந்தப் பழமொழியில எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம் சார். கூடம் நிஜமாவே கோணலா இல்லையான்னு யாராவது போய் அளந்து பார்த்தாங்களா?"

அரண்மனைக்காரர் கெட்டவர் இல்லை. கேள்வி கேள்விதான் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குப் படித்தவர். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். அந்த உயரத்தை முடிவு செய்தது யார் என்று காட்டும் ஆவணம் ஒரு வருஷத்துக்குள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றிக்கொண்டு, நகர மண்டபத்து விதானத்தின் பூவேலைகளை ஆராய வேண்டும்.

அன்றே அளக்கக் கிளம்பிவிட்டாள். சனிக்கிழமைதோறும் மாணவர்கள் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து வாரியக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். மேடையின் உயரம், சமைப்பவரின் உயரம், நிற்கும்போது தரையிலிருந்து முழங்கை எவ்வளவு தூரம் என்று மூன்று அளவு. கதவைத் தட்டி "உங்க சமையல் மேடையை அளக்கணும்" என்றால் முதலில் எல்லாரும் சந்தேகமாகப் பார்த்தார்கள். "எதுக்கு, இடிக்கப் போறீங்களா?" என்றார் ஒருவர். உள்ளே விட்டபிறகு வெளியே விடமாட்டார்கள். ஒரு நர்ஸ், "பதினெட்டு வருஷமா தோளுக்கு மருந்து தடவுறேன். ஆஸ்பத்திரியில நோயாளியைத் தூக்கித் தூக்கித்தான் இந்த வலின்னு நெனச்சேனே" என்று மேடையையே முறைத்துப் பார்த்தாள். ஒரு பேருந்து நடத்துநரின் மனைவி, தன் பலகைக்குத் துணி உறை தைத்துப் போட்டிருந்தாள். ஒரு வீட்டில் தாயும் மகளும் யார் பலகையில் நிற்பது என்று முறை வைத்திருந்தார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டு சமையலறை. மூன்றைத் தவிர எல்லாம் தொண்ணூற்றிரண்டு. அந்த மூன்றிலும் தரைக்கு மேல் தரை போட்டதால் குறைந்திருந்தது. முழங்கை அளவுகளை வைத்துப் பார்த்தால், மேடை பொருந்தியது பதினாலு பேரில் ஒருவருக்கு. மற்ற பதின்மூன்று பேரும் ஏறி நின்றார்கள், அல்லது வலியோடு நின்றார்கள்.

அளவு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. வாரியத்தின் புது அலுவலகத்தில் ஒவ்வொரு மேஜையாக அனுப்பினார்கள். "அந்தக் காலத்து ரெக்கார்டா? கரையான் வயித்துல இருக்கும்" என்றார் ஒரு அதிகாரி. பத்து மாதம் ஓடிவிட்டது. மனசு ஒப்பாமல் நகர மண்டபத்துக்குப் போய் விதானத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தாள். மேடையால் தோள்வலி, விதானத்தால் கழுத்துவலி என்று மாமியாரிடம் சொன்னாள். "தரையை ஆராய்ச்சி பண்ணு. முதுகும் சேர்ந்து வலிக்கட்டும்" என்றார் மாமியார்.

ஒரு புதன்கிழமை காலை, பத்தரை மணி வகுப்பு. நாற்காலிகளின் வரலாறு நடத்திக்கொண்டிருந்தாள். கைபேசி அடித்தது. வகுப்பு நேரத்தில் கணவர் கூப்பிடமாட்டார். எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"வகுப்புல. என்னங்க ஆச்சு?"

"நான் வாரியத்தோட பழைய தலைமை ஆபீஸ்ல இருக்கேன். லிஃப்ட் ரிப்பேர்னு கூப்பிட்டாங்க. லிஃப்ட் ஏன் நின்னுச்சு தெரியுமா? அடித்தளத்துலேர்ந்து பேப்பரா ஏத்தி ஏத்தி பாரம் தாங்காம நின்னுருக்கு. கட்டடத்தைக் காலி பண்றாங்க. சுருள் சுருளா வரைபடம்மா. ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தேன். நம்ம வீடு மாதிரியே இருக்கு."

"அதை எங்க கொண்டுபோறாங்க?"

"கூழ் அரைக்க. ரெண்டு மணிக்கு லாரி வருது."

"லிஃப்டை…"

"அவசரப்படாத. லிஃப்ட் இப்போதைக்கு ஓடாது. எந்த ஸ்பேர் பார்ட்டும் கிடைக்கல எனக்கு" என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி. முப்பது வருஷ சர்வீஸில் அவர் சொன்ன ஒரே பொய் அது.

அவள் திரும்பி வகுப்பைப் பார்த்தாள். இருபத்து மூன்று பேர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாற்காலி எங்கயும் ஓடிப்போகாது. எழுந்திரிங்க. எல்லாரும் பஸ்ஸுக்கு!"

பழைய அலுவலகத்தின் வாசலில் பதிவறைக் கிளார்க் மறித்தாள். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. "யாரும்மா நீங்க எல்லாம்? அனுமதிக் கடிதம் எங்க?"

"இப்போ எழுதித் தர்றேன்."

"நீங்க எழுதினா ஆச்சா? உங்க கல்லூரி முதல்வர் கையெழுத்து வேணும். எங்க செயலாளர் ஒப்புதல் வேணும். முறைன்னு ஒண்ணு இருக்கு."

மேடம் வருகைப்பதிவுத் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்திலேயே கடிதம் எழுதினாள். எழுதிக்கொண்டே முதல்வருக்குப் போன் செய்தாள். முதல்வர் கூட்டத்தில் இருந்தார். வெளியே கூப்பிடச் சொன்னாள். விஷயத்தைக் கேட்ட முதல்வர், "இதுல நமக்கு என்ன ஆபத்து?" என்று கேட்டார். "எதுவும் இல்ல சார். தூசிதான்" என்றாள். அவர் செயலாளரோடு பேசினார். செயலாளர் கிளார்க்கோடு பேசினார். கிளார்க் போனை வைத்துவிட்டுக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"சமையல் மேடையா?"

"ஆமா."

"வாரியக் குடியிருப்பு சமையல் மேடையா? தொண்ணூறுக்கு மேல இருக்குமே, அதுவா?"

"நீங்க அங்கயா இருக்கீங்க?"

"பிறந்ததே அங்கதான்" என்று சாவிக்கொத்தை எடுத்தாள் கிளார்க். "லாரி டிரைவரை நான் பார்த்துக்கறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம். அதுக்குமேல என் கையில இல்ல."

அந்த அடித்தளத்தை அவள் பின்னாளில் எத்தனையோ வகுப்பில் வர்ணித்திருக்கிறாள். வரிசை வரிசையாக இரும்பு அடுக்குகள். சுருள்களுக்கு மேல் சாம்பல் போல் தூசி. ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் கண்சிமிட்டும். மாணவர்கள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சுருள்களைப் பிரித்து, தேதி பார்த்து, தரையில் வருஷவாரியாக அடுக்கினார்கள். எள் என்றால் எண்ணெயாக நின்றது வகுப்பு. முன்வரிசையில் எப்போதும் தூங்கும் பெண் ஒருத்தி, கட்டளையிடும் தளபதி மாதிரி ஆகிவிட்டாள்.

முதல் நாள் வடிகால் படங்கள். இரண்டாம் நாள் படிக்கட்டுப் படங்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தத் தூங்குமூஞ்சிப் பெண்தான் அலறினாள்.

"மேடம்! மேடம், இங்க வாங்க! இதுல பொம்பளைங்க இருக்காங்க!"

கட்டு அவிழாத ஒரு கோப்பு. மேலே 'மாதிரிச் சமையலறை' என்று எழுதியிருந்தது. உள்ளே புகைப்படங்கள். ஒரு கொட்டகையில் மரத்தால் ஒரு மேடை. அடியில் திருகு வைத்து ஏற்றி இறக்கும் அமைப்பு. அதன்முன் ஒரு பெண் பாத்திரம் கழுவுகிறாள், அடுத்த படத்தில் இன்னொருத்தி மாவு பிசைகிறாள். மொத்தம் பதினாறு பெண்கள். பின்னால் ஒரு பட்டியல். வரிசை எண், உயரம், முழங்கை, பிடித்த மேடை உயரம், அவர்கள் சொன்ன கருத்து. மூன்றாம் எண்: 'இது போதும், இறக்க வேண்டாம்.' ஒன்பதாம் எண்: 'எனக்குச் சரி. என் மகளுக்கு உயரம் அதிகம். அவளையும் அழைத்து வரலாமா?' பதினான்காம் எண்: 'இதற்கு முன் என்னிடம் யாரும் கேட்டதில்லை.'

முடிவுரை அரைப் பக்கம். வீடுகளில் எண்பது, எண்பத்து நான்கு, எண்பத்தெட்டு என்று மூன்று உயரங்களில் மேடை அமைக்கலாம் என்று பரிந்துரை.

அவள் தூசித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அறுபது வருஷத்துக்கு முன்பே ஒரு கூட்டம் கொட்டகை போட்டு, அளந்து, கேட்டு, எழுதி வைத்திருக்கிறது. அவள் பத்து மாதமாகச் சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கண்டுபிடித்ததை அவர்கள் ஒரே மாதத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். அவளுக்குக் கிணறு வெட்ட இன்னொரு கிணறே கிளம்பியது.

"அப்போ தொண்ணூற்றிரண்டு எங்கேர்ந்து மேடம் வந்துச்சு?"

"அடுத்த தாளைத் திருப்பு. திருப்பு, திருப்பு!"

அடுத்த தாள் கிடங்கிலிருந்து வந்த ஒரு கடிதம். பள்ளிக்கூட ஆய்வகங்களுக்கென்று செய்த இரும்பு அலமாரிகள் அறுநூறு மிஞ்சிக் கிடக்கின்றன. அவற்றை வீணாக்காமல், முதல் தொகுதி வீடுகளின் சமையல் மேடைக்கு அடித்தாங்கலாக வைத்துக்கொள்ளலாம். மேலே பலகைக்கல் வைத்தால் மொத்த உயரம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். அவ்வளவுதான்.

ஆனால் அலமாரி அறுநூறுதானே. வீடு பதினோராயிரம் ஆயிற்றே. மாணவர்கள் தரையில் அடுக்கியிருந்த சுருள்களை வருஷவாரியாகப் பிரித்தார்கள். இரண்டாம் தொகுதியில் இரும்பு அலமாரி இல்லை, செங்கல் மேடை. வரைபடத்தின் ஓரத்தில் சின்னக் கையெழுத்தில்: 'மேடை உயரம் முன்போலவே.' மூன்றாம் தொகுதி: 'முன்போலவே.' நான்காவது, ஏழாவது, பத்தொன்பதாவது. கையெழுத்து மாறியது, மையின் நிறம் மாறியது, வரைந்தவர்கள் மாறினார்கள். வார்த்தை மாறவில்லை.

"அப்போ முடிவு பண்ணது யாரு மேடம்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"யாருமே இல்லம்மா!" என்று சிரித்தாள் மேடம். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் நீர் வந்து, தூசியோடு சேர்ந்து கன்னத்தில் கோடு போட்டது. "யாரும் முடிவே பண்ணல! எல்லாரும் போன தடவை யாரோ பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சுட்டாங்க!"

லிஃப்ட் அன்று மதியம் அதிசயமாகச் சரியாகிவிட்டது. வடிகால் சுருள்கள் கூழுக்குப் போயின. மாதிரிச் சமையலறையும் பத்தொன்பது தொகுதி வரைபடங்களும், கிளார்க்கின் முத்திரை போட்ட ரசீதோடு, கல்லூரிப் பேருந்தில் மாணவர்களின் மடியில் ஏறின.

ஆவணத்தைப் பார்த்ததும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று துறைத்தலைவருக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் மூன்று வருஷம் எழுதினாள். வாய்மொழித் தேர்வு பொதுவாக ஒரு மணி நேரம். அவளுடையது மூன்றரை மணி நேரம் நடந்தது. காரணம் கணவர். பழைய லிஃப்ட் பாகங்களை வைத்து, கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்கும் ஒரு மேடையை, புகைப்படத்தில் இருந்தது போலவே செய்து கொண்டுவந்திருந்தார்.

தேர்வாளர்களில் அரண்மனைக்காரரும் இருந்தார். உட்கார்ந்திருக்கும்போது தெரியாது, ஆள் குள்ளம். மேடம் அவர் கையில் ஒரு உருளைக்கிழங்கையும் தோல் சீவியையும் கொடுத்தாள்.

"சார், பேசறதுக்கு முன்னாடி இதைச் சீவுங்க."

"நான் தேர்வு நடத்த வந்திருக்கேன்."

"நடத்துங்க. சீவிட்டே நடத்துங்க."

தொண்ணூற்றிரண்டில் நின்று சீவினார். தோள் தூக்கிக்கொண்டது. இரண்டாவது கிழங்கில் கை மாற்றினார். மூன்றாவதில் நிறுத்திவிட்டுத் தோளை உருட்டினார். கணவர் கைப்பிடியைச் சுற்றி மேடையை எண்பத்து நான்குக்கு இறக்கினார். நாலாவது கிழங்கு நொடியில் முடிந்தது. அரண்மனைக்காரர் கையை நீட்டி, "இன்னொண்ணு குடுங்க" என்றார். ஐந்தாவதையும் சீவி முடித்துக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டு அடுப்படியில என் மனைவி ஒரு பலகை போட்டிருக்கா. முப்பது வருஷமா அது அங்க கிடக்கு. எதுக்குன்னு நான் கேட்டதே இல்ல."

பொதுமக்கள் வரிசையிலிருந்து மாமியார் எழுந்து வந்தார். "நான் ஒருதடவை நின்னு பாக்கறேன்" என்று கைப்பிடியைத் தானே சுற்றினார். ஏற்றினார், இறக்கினார், சரியாகத் தொண்ணூற்றிரண்டில் நிறுத்தினார். மாணவர்கள் அளந்து பார்த்தார்கள். முழங்கைக்கும் மேடைக்கும் இருக்க வேண்டிய இடைவெளி மிகச் சரி.

"பதினாலுல ஒருத்தர் இவங்கதான்" என்று அவையைப் பார்த்து அறிவித்தாள் மருமகள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, மேடை சரியாத்தான் இருக்குன்னு" என்றார் மாமியார். அரங்கம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் தேர்வு முடிந்தது. பட்டம் கிடைத்தது.

இப்போது அவள் பேராசிரியர். துறையில் இடம் கேட்டு வரும் விண்ணப்பங்கள் மூன்று மடங்கு ஆகிவிட்டன. இயற்பியல்காரர்கள் தங்கள் சோதனை மேஜைகளை அளக்க வரச்சொல்லிக் கேட்கிறார்கள். அந்தத் தூங்குமூஞ்சிப் பெண் அவளிடமே முனைவர் பட்டம் செய்கிறாள். தலைப்பு, மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளின் பெஞ்சுகள். தானும் இப்போதெல்லாம் தூங்குவதில்லை, மற்றவர்களையும் தூங்க விடுவதில்லை.

வாரியம் போன வருஷம் முதல் தொகுதிக் கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தது. அதே குடும்பங்களுக்கு இருநூற்று நாற்பது வீடு. பொறுப்பிலிருந்த இளம் பொறியாளர் அவளுடைய ஆய்வேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு துறைக்கு வந்தார். "மேடம், மூணு உயரம் போட்டுக் கொடுத்துடலாமா?" என்றார். "போடுங்க. ஆனா யாருக்கு எதுன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. கேளுங்க" என்றாள்.

அப்படித்தான் கட்டட மனையில் ஒரு கொட்டகை போட்டு, கணவர் செய்த மேடையைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வரிசை தொடங்கியது. வீட்டில் சமைப்பவர்கள் வந்து, கைப்பிடியைச் சுற்றி, தங்களுக்குப் பிடித்த உயரத்தில் நிறுத்த வேண்டும். மூன்று உயரங்களில் அதற்குப் பக்கத்தில் வருவதைப் பொறியாளர் வீட்டு எண்ணுக்கு நேராக எழுதிக்கொள்வார். கொட்டகையில் ஒரே இரைச்சல். கணவனும் மனைவியும் சேர்ந்து சமைக்கும் வீட்டுக்காரர்கள், பாதி மேடை இந்த உயரம், பாதி அந்த உயரம் வேண்டும் என்றார்கள். பொறியாளர் தலையைச் சொறிந்துவிட்டு எழுதிக்கொண்டார். கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் தொண்ணூற்றெட்டு கேட்டார். அக்கா தங்கை இருவர், யார் அதிகம் சமைக்கிறார்கள் என்று அங்கேயே நியாயம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

டேப் மேடம் ஒரு ஓரமாக நின்றிருக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஐந்து நிமிஷத்தில் வரிசைக்கு நடுவில் போய்விட்டாள். பாத்திரத்தைக் கையில் கொடுத்தாள், "தோளைத் தளர்த்துங்க, மூச்சை விடுங்க, இப்போ சுத்துங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள்.

பதினொரு மணி வாக்கில் வரிசை நின்றுவிட்டது. மெலிந்த ஒரு பெண், கைப்பிடியை விடவே இல்லை. எண்பதுக்கு இறக்குவாள், பாத்திரத்தைக் கழுவுவது போல் கையை ஓட்டுவாள், யோசிப்பாள், எண்பத்து மூன்றுக்கு ஏற்றுவாள், நறுக்குவது போல் பார்ப்பாள், மறுபடி இறக்குவாள்.

"என்னம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அறுபது வருஷமா யாரும் கேக்கல. ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்க மாட்டீங்களா?"

அவள் இன்னும் இரண்டு சுற்று ஏற்றினாள், அரைச் சுற்று இறக்கினாள், கையை வைத்துப் பார்த்தாள்.

"எண்பத்தொண்ணரை" என்றாள்.

"மூணு உயரம்தாம்மா இருக்கு. எண்பதா, எண்பத்து நாலா?" என்று பொறியாளர் ஆரம்பித்தார். பிறகு மேடத்தின் முகத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்து, வீட்டு எண்ணுக்கு நேராக எண்பத்தொன்றரை என்று எழுதிக்கொண்டார்.